மகனுக்குத் தெரியாமல் மாத்திரை கொடுக்கலாமா?

கொங்குப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய ஒன்பது பக்கக் கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டு அதன் சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

மகனுக்கு வயது 16. பத்தாம் வகுப்பில் 452 மதிப்பெண் எடுத்தவன். சொந்தபந்தம் எல்லோரும் சொன்னதால் பக்கத்து மாவட்டத்தில் விடுதியோடு இருக்கும் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்த்தார்கள். தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போக மறுத்துவிட்டான். காரணம் சொல்லவில்லை. இப்போது உள்ளூர்ப் பள்ளியில் பெயருக்குச் சேர்ந்திருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் போனால் பெரிது. விடியற்காலை நாலு மணி வரை போனும் கையுமாக இருந்துவிட்டு மதியம் எழுகிறான். உயிராக நினைத்த வாலிபால் பக்கமே போவதில்லை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் குளிக்கிறான். எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். அப்பா ஒருநாள் போனைப் பிடுங்கி உடைக்க, இவன் சொம்பைத் தூக்கி டிவி மேல் எறிந்திருக்கிறான்.

"அவன் அப்பா நாலு போடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார். மாமியார் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் 48 நாள் தங்க வேண்டும் என்கிறார். மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள், நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. இவனும் வர மாட்டான். நீங்கள் ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுத்தால் தோசை மாவில் கலந்து கொடுத்துவிடுவேன்" என்று கேட்டிருக்கிறார் அந்தத் தாய்.

அம்மா, உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன், கடிதத்தின் எட்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "போன வாரம் தங்கச்சியிடம், நான் இல்லாமப் போனா இந்த ரூமை நீயே வச்சுக்கோ என்று சொன்னானாம். அவளைப் பயமுறுத்தத்தான் சொல்லியிருப்பான்." ஒன்பது பக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்த ஒரு வரியைத்தான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

அவன் பயமுறுத்தத்தான் சொன்னான் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். சாவைப் பற்றி நினைக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் அதை நேராகச் சொல்வதில்லை. பொருளைப் பிரித்துக் கொடுப்பதைப் பற்றி, தான் இல்லாத வீட்டைப் பற்றி, இப்படி ஓரமாகத்தான் சொல்வார்கள். அதனால் நீங்கள் நேராகவே கேட்டுவிடுங்கள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, செத்துப் போயிரலாம்னு எப்பவாச்சும் தோணுதா?" என்று கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போலாகிவிடும் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. மனநல மருத்துவத்தில் இது பல முறை ஆராய்ந்து பார்த்த விஷயம். ஒருவர் தைரியமாகக் கேட்டுவிட்டார் என்பதே அந்தப் பிள்ளைக்கு ஒரு மூச்சு விட்டது போல இருக்கும்.

அவன் "ஆமாம்" என்று சொன்னால் அழவோ, சத்தியம் வாங்கவோ, "எங்களை நினைச்சுப் பாத்தியா" என்று கேட்கவோ வேண்டாம். "சொன்னதே நல்லது. நான் கூட இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்ற அளவுக்கு யோசித்து வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் அன்று இரவு அவனைத் தனியாக விட வேண்டாம். மறுநாளுக்குத் தள்ளாமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே அழைத்துப் போங்கள். எந்த நேரமும் 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அவன் "இல்லை" என்று சொன்னாலும் ஒரு காரியத்தை இன்றைக்கே செய்யுங்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து டப்பாக்கள் வீட்டு முன் அறையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் வீட்டை விட்டு வெளியேற்றி, சாவி உங்கள் கணவரிடம் மட்டும் இருக்கிற மாதிரி வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரைகளும் பூட்டுக்குள் போகட்டும். "சாகணும்னு நினைச்சவன் வேற வழி பாத்துக்க மாட்டானா?" என்று உங்கள் கணவர் கேட்கலாம். இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த 20 ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. சாக வேண்டும் என்ற வேகம் பல நேரம் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தால் உயிர் தப்பிவிடுகிறது.

திமிரா, நோயா?

பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது திமிர் போலத் தெரியவில்லை. பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சோகமாக, சோர்ந்து கிடப்பார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதே மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகவும் கோபமாகவும்தான் வெளியே வரும். வீட்டில் இருப்பவர்கள் கோபத்தைத்தான் பார்க்கிறார்கள், அதற்கு அடியில் இருப்பது கண்ணில் படுவதில்லை. என்னைக் கேட்டால், உடைந்த டிவியை விட அவன் வாலிபாலை விட்டதுதான் பெரிய அறிகுறி. திமிர் பிடித்த பையன் படிப்பை விடுவான், விளையாட்டை விட மாட்டான். பிடித்ததே பிடிக்காமல் போவது, தூக்கம் தலைகீழாவது, குளிக்கக்கூட உடம்பு எழாமல் இருப்பது, எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் மாதக்கணக்கில் நீடித்திருக்கிறது.

போன்தான் காரணம் என்று நீங்கள் இருவரும் நம்புகிறீர்கள். தூக்கம் வராதவன் ராத்திரியில் வேறு என்ன செய்வான் என்றும் யோசித்துப் பாருங்கள். போன் தூக்கத்தைக் கெடுக்கிறது, சரிதான். ஆனால் பல பிள்ளைகள் தூக்கம் வராமல்தான் போனை எடுக்கிறார்கள். இப்போதைக்குப் புதுப் போனைப் பிடுங்கிச் சண்டை போடாதீர்கள். நண்பர்களோடு இருக்கிற கடைசிக் கயிறாக அது இருக்கலாம். இரவு பதினொரு மணிக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும் கூடத்தில்தான் சார்ஜ் ஏறும் என்று ஒரு வழக்கம் கொண்டு வாருங்கள். எல்லோரும் என்றால் அவன் அப்பாவும்தான்.

அடிப்பதைப் பற்றி அவரிடம் ஒன்று சொல்லுங்கள். கால் ஒடிந்தவனை ஓடச் சொல்லி அடித்தால் ஓடுவானா? அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார். மகனைப் பற்றி உங்களுக்கு இருக்கிற அதே பயம்தான் அவருக்கும். முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

அந்த விடுதியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை பாடம் புரியாமல் போயிருக்கலாம். பெரிய பையன்கள் மிரட்டியிருக்கலாம். அதைவிட மோசமான ஏதாவதும் நடந்திருக்கலாம். பையன்களுக்கும் பாலியல் தொல்லை நடக்கிறது, அவர்கள் அதைச் சொல்லப் பெண்பிள்ளைகளை விட அதிகம் வெட்கப்படுகிறார்கள். போலீஸ் மாதிரி விசாரிக்காதீர்கள். "அங்க என்ன நடந்திருந்தாலும் உன் மேல தப்பில்ல. எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லு" என்று ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அப்படி ஏதாவது வெளியே வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012இன் போக்சோ சட்டப்படி அதைப் புகார் செய்தாக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

தோசை மாவில் மாத்திரை

இதற்கு என் பதில், கூடவே கூடாது. பார்க்காத பிள்ளைக்கு நானோ வேறு எந்த மருத்துவரோ மாத்திரை எழுதிக் கொடுப்பது தவறு. மருந்துக் கடையில் சொல்லி வாங்குவது அதைவிட ஆபத்து.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனை என்னிடம் கூட்டி வந்தார்கள். வீட்டில் மூன்று மாதம் தயிர்சாதத்தில் மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் சோற்றில் வெள்ளையாக ஒரு துணுக்கு பல்லில் கடிபட்டது. அன்றிலிருந்து அவன் வீட்டில் சமைத்த எதையும் தொடவில்லை. உரிக்காத வாழைப்பழம், அவனே பிரித்த பிஸ்கட் பாக்கெட், அவனே உடைத்த இளநீர். இவ்வளவுதான் சாப்பாடு. என்னிடம் வந்தபோது அவன் எடை 41 கிலோ. நோய் குணமாக ஆறு மாதம் ஆனது. அம்மா போட்ட சோற்றை அவன் மறுபடியும் நம்பிச் சாப்பிட அதைவிட நாளானது.

மருத்துவக் காரணமும் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் இந்த வயதில் தொடங்கும்போது முதல் சில வாரங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் படபடப்பும் சாவு பற்றிய எண்ணங்களும் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே எச்சரித்திருக்கிறது. அதற்காக மருந்தே வேண்டாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். தேவைப்படுகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் தான் என்ன சாப்பிடுகிறோம் என்று அவனுக்குத் தெரிந்தால்தான், "இதைப் போட்டதிலிருந்து உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருக்கு" என்று அவனால் சொல்ல முடியும். இன்னொன்று, சிலருக்கு மனச்சோர்வு போலத் தொடங்குவது பின்னால் மனஎழுச்சியும் மாறி மாறி வருகிற இருதுருவக் கோளாறாக இருக்கும். அவர்களுக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை தலைகீழாகப் போய்விடலாம். மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டு, பெரிய பெரிய திட்டம் போட்ட நாட்கள் உண்டா என்று மருத்துவர் கேட்பது இதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். உங்கள் கணவரின் தம்பி இளவயதில் இறந்த விதத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் பேசுங்கள். குடும்பத்தில் முன்பு நடந்தது இவனுக்கான சிகிச்சையை முடிவு செய்ய மிகவும் முக்கியம்.

எப்படி அழைத்துப் போவது

"சும்மா வா, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்காதீர்கள். அப்படி வந்த பிள்ளைகள் என் முன்னால் ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள்: "கண்ணு, நீ சரியாத் தூங்கறதில்ல, எதுலயும் மனசு ஒட்டாம இருக்க. எனக்குக் கவலையா இருக்கு. ஒரு டாக்டரைப் பாக்கலாம். அவர்கிட்ட நீ தனியாப் பேசிக்கோ, நான் வெளிய உக்காந்திருக்கேன்." முதல் நாள் கத்துவான். இரண்டு நாள் விட்டு மறுபடி அதே குரலில் சொல்லுங்கள். உங்கள் அண்ணனோடு அவனுக்கு நல்ல ஒட்டுதல் என்று எழுதியிருந்தீர்களே, தாய்மாமன் சொல்லுக்கு உங்கள் சொல்லை விட அதிகம் எடை இருக்கலாம். பழைய வாலிபால் மாஸ்டரையும் கேட்டுப் பாருங்கள்.

அப்போதும் வரவில்லையா? நீங்களும் கணவரும் மட்டும் முதலில் போங்கள். பெற்றோர் மட்டும் வந்து பேசுவது எங்களுக்குப் பழக்கம்தான். வீட்டில் எப்படிப் பேசுவது, எதை விடுவது என்பதில் சின்ன மாற்றம் வந்ததும் பிள்ளை தானாக வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அவன் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது? உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும். காலையில் ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்க்கலாம், மாத்திரையும் இலவசம். தனியாரிடம் போவதென்றால், மருந்து எழுதுபவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவரா என்று பாருங்கள். மனநல ஆலோசகர்களும் உளவியலாளர்களும் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார்கள், அவர்களும் தேவை. ஆனால் மருந்து எழுதுவது அவர்கள் வேலை இல்லை. மேல் சிகிச்சை வேண்டுமென்றால் பெங்களூருவில் இருக்கிற மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித்துறையே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

அங்கே என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பயம் அதில்தான். முதலில் உங்களோடு பேசுவார்கள், பிறகு அவனோடு தனியாக. அவன் சொல்வதெல்லாம் உங்களுக்கு வந்து சேராது, அதைக் கேட்டு வற்புறுத்தவும் கூடாது. உயிருக்கு ஆபத்தான விஷயமாக இருந்தால் மட்டும் மருத்துவர் உங்களிடம் சொல்வார். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யலாம். புகையிலை, கஞ்சா, வலி மாத்திரை போன்ற பழக்கங்களைப் பற்றியும் கேட்பார்கள். அதைக் கேட்டதும் "எம்பையன் அப்படியெல்லாம் இல்ல" என்று நீங்கள் குறுக்கே விழக் கூடாது. முதல் நாளே முடிவு சொல்லாமல் இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள், அது நல்ல மருத்துவர் என்பதற்கு அடையாளம். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையே போதும். மாத்திரை தேவைப்பட்டால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அவை தூக்க மாத்திரைகள் இல்லை, அடிமைப்படுத்தவும் செய்யாது. ஆனால் "நல்லாத்தானே இருக்கான்" என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முத்திரை, ரகசியம், அட்மிஷன்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பது நோயாளியின் உரிமை என்று அதில் இருக்கிறது. ஓ.பி.யில் பார்த்ததை மருத்துவமனை உங்கள் ஊருக்கோ பள்ளிக்கோ சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று உங்கள் மாமியார் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அட்மிஷனே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் 18 வயதுக்குக் கீழே இருப்பவரைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் விண்ணப்பித்து, இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து, வீட்டிலிருந்தே பார்க்க முடியாது என்று முடிவான பிறகுதான் சேர்க்க முடியும். அந்த இருவரில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது. நீங்களோ நீங்கள் சொல்கிற ஆளோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். நீங்கள் அட்மிஷன் வேண்டாம் என்று சொன்னால் விடுவிக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்த வயதினருக்கும் எங்கேயும் சட்டப்படி குற்றம்.

மாமியாரின் நம்பிக்கையை நான் தடுக்க மாட்டேன். பெருமாளைச் சேவித்துவிட்டு வாருங்கள், அந்தப் பயணத்தில் பாட்டியும் பேரனும் நாலு வார்த்தை பேசிக்கொண்டால் அதுவே நல்லது. ஆனால் 48 நாள் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு அல்ல. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களையும் குணமாக வேண்டும் என்றுதான் குடும்பத்தார் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

படிப்பைப் பற்றி இப்போது ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். ஒரு வருடம் போனால் போகட்டும். தலைமை ஆசிரியரிடம் உடல்நிலை சரியில்லை, சிகிச்சை நடக்கிறது என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக உங்கள் மகளைப் பற்றி. பதினோரு வயதுப் பிள்ளை, அண்ணன் சொன்னதை ஒரு வாரமாக மனசில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். நீங்கள் "அவன் கெடக்கறான், நீ படி" என்று அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இன்று ராத்திரி அவள் தூங்கப் போகும் முன் பக்கத்தில் உட்காருங்கள். சொன்னது சரிதான், கோள் சொன்னதாக ஆகாது, இனிமேல் அண்ணனைப் பார்த்துக்கொள்வது பெரியவங்க வேலை என்று சொல்லுங்கள்.